விளங்காத மாதிரி

கொட்டாஞ்சேனை,
14 ஜனவரி 2024

தம்பி ரொனிக்கு,

அக்கா பிறிஜெற் எழுதுவது. உன் வீட்டில் எல்லோரையும் ஆண்டவர் சுகமாக வைத்திருக்கட்டும். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. உன் சீனி வருத்தம் எந்த மட்டில் நிற்கிறது, மாத்திரையா ஊசியா என்று விபரமாக எழுது.

இனி உன்னோடு கதைப்பதில்லை என்று ரொஷேலின் கலியாணத்தன்று மண்டப வாசலில் நின்று சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. எழுதுவதில்லை என்று நான் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். நீ போன் எடுக்காதே, நான் தூக்கமாட்டேன். மணப்பெண்ணின் ஞானத்தாயான என்னைக் கொண்டுபோய்க் கடைசி மேசையில் பாமன்கடை அயலவர்களோடு இருத்திய குடும்பம் கொழும்பில் உங்களுடையது ஒன்றுதான். பக்கத்தில் இருந்த மனுஷி, "நீங்க மாப்பிள பக்கமா, பொம்பிள பக்கமா?" என்று என்னிடமே கேட்டாள். சரி, அதை விடுகிறேன்.

எழுத வந்தது வேறு விஷயம். கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் சிஸ்ரர்மார் நடத்தும் பிள்ளைகள் இல்லம் உனக்குத் தெரியும். கிழிந்த உடுப்புத் தைத்துக் கொடுக்கப் போனேன். சின்னப் பிள்ளைகளைப் பார்த்த பெண் டுபாய்க்குப் போய்விட்டாள் என்று மதர் சொன்னார். சின்னவர்களின் அறையை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். படிப்பு இருக்கிறதா என்று கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவள், இங்கிலிஷ் பேப்பரை நானே எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவள், இதையும் பழகுவேன் என்றேன். மதர் ஒரு ஏப்ரனை எடுத்துத் தந்தார்.

எல்லாம் இரண்டு, மூன்று வயதுகள். பஸ்ஸில் விட்டுப்போனது, ஆஸ்பத்திரி வாங்கில் விட்டுப்போனது, "இந்தா வந்திடுறன்" என்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வராமல் போனது. எனக்கு ஆச்சரியம் ஒன்று. இந்தப் பிள்ளைகள் அழுவது குறைவு. பார்க்க வருகிறவர்கள், "எவ்வளவு நல்ல பிள்ளையள்!" என்று சொல்லிப் போகிறார்கள். பசி வந்தால் பிள்ளை அழவேண்டாமா? ரொஷேல் அந்த வயதில் அழுது தெருவையே கூட்டுவாளே. அவள் முதலில் என்ன சொல்லிப் பேசினாள்? எப்போது? நீ தகப்பன், ஞாபகம் இருக்கவேண்டும்.

மச்சாளுக்கு என் அன்பு. அவளோடு எனக்குக் கோபம் இல்லை.

பிறிஜெற்

*

வெள்ளவத்தை,
28 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ரொனியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். சீனி மாத்திரையில்தான் நிற்கிறது, ஊசிக்கு இன்னும் போகவில்லை. உன் முழங்காலை யாரிடமாவது காட்டினாயா? காட்டியிருக்கமாட்டாய்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு உன் கடிதம் வர எட்டு நாள் எடுத்தது. மட்டக்குளி பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலம். சரி, நீ சொன்னால் சொன்னதுதான்.

ரொஷேல் முதலில் சொன்ன சொல் என்னவென்று உன் மச்சாளிடம் கேட்டேன். "அம்மா" என்கிறாள். எனக்கு ஞாபகமிருப்பது, காகத்தைப் பார்த்துக் கையை ஆட்டி "போ" என்று சொன்னது. வீட்டில் இதில் ஒரு சண்டையே நடந்தது. ஒன்றேகால் வயது இருக்கும்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி இன்னும் எழுது. எல்லோரும் ஒரே நேரத்திலா தூங்குவார்கள்? கண்ணாடி காட்டினால் என்ன செய்வார்கள்? உன்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள்? அலுவலகம் இல்லாத மனிதனுக்கு இப்படியெல்லாம்தான் யோசனை ஓடும்.

கடவுள் துணையோடு நலமாக இரு.

அன்புத் தம்பி,
ரொனி

*

கொட்டாஞ்சேனை,
18 பெப்ரவரி 2024

தம்பி ரொனிக்கு,

நான் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், பாணைக் குறை. மேசையைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.

கேட்டவற்றுக்குப் பதில். தூக்கம்: ஒரே நேரத்தில் கிடத்துவோம், ஒரே நேரத்தில் கண்ணை மூடுவார்கள், யார் உண்மையாகத் தூங்குகிறார்கள் என்று கால் விரலைப் பார்த்தால் தெரியும். கண்ணாடி: அதன் பின்பக்கம் போய்த் தேடுவார்கள். என்னைக் கூப்பிடுவது: "பிச்சி". நான் திருத்தவில்லை. என்னோடு வேலை செய்யும் டிலக்ஷியும் இப்போது அப்படியே கூப்பிடுகிறாள்.

இவர்களில் அலோ என்று ஒருவன். முழுப்பெயர் அலோசியஸ். எந்தப் புனிதரின் திருநாளில் பிள்ளை வந்து சேருகிறதோ அந்தப் பெயரை வைப்பது இங்கத்தைய வழக்கம். இவன் ஒரு ஜூன் இருபத்தொன்றில் துவாயில் சுற்றிய கைக்குழந்தையாக வந்தவன். இந்த ஜூனில் மூன்று வயது முடிகிறது. இதுவரை ஒரு சொல் இல்லை. சிரிப்பான், ஓடுவான், கட்டிலுக்குக் கீழே செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்குவான். சத்தம் மட்டும் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கொன்ரெயினர் லொறி ஒழுங்கை முனையைக் கடக்கும்போது சுவரில் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைப் பார்ப்பான். அதைப் பார்த்தவர்கள் செவிடு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் அவனுக்குப் பின்னால் நின்று பிஸ்கட் ரின்னின் மூடியை மெல்லத் திறந்தேன். திரும்பினான். அடுத்த நாள் சமையலறையில், சமைக்கும் ஸீனத்தைக் கொண்டு திறப்பித்தேன். அங்கேயும் ஓடினான். வெறும் ரின்னைத் திறந்தேன். வந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தான். இது செவிட்டுப் பிள்ளையா?

இங்கே இன்னொரு வழக்கம் இருக்கிறது. மூன்று வயது முடிந்தும் பேசாத பிள்ளையைக் கிளினிக்கில் டொக்டர் பார்ப்பார். அவர் எழுதுவதைப் பொறுத்து, வெளி மாவட்டத்தில் உள்ள விசேட பிள்ளைகளின் விடுதிக்கு அனுப்புவார்கள். போன பிள்ளை ஒன்றும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அலோவுக்கு ஓகஸ்டில் கிளினிக். "நல்ல இடம்தான், பிறிஜெற்" என்கிறார் மதர். இருக்கலாம். அங்கே யார் இவனுக்குப் பிஸ்கட் ரின் திறந்து பார்ப்பார்கள்?

எனக்கென்ன, அனுப்பினால் அனுப்பட்டும். ஆனால் ஏன் பேசவில்லை என்பதை நான் கண்டுபிடிக்கவேண்டும்.

மச்சாளுக்கு அன்பு.

பிறிஜெற்

*

வெள்ளவத்தை,
3 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முகத்தைப் பார்க்காவிட்டாலும் எழுத்தைப் பார்க்கும்போது சுகமாக இருக்கிறாய் என்று விளங்குகிறது. நாங்களும் அப்படியே. பாணைக் குறைத்துவிட்டேன், இடியப்பம் கூடிவிட்டது.

அலோவைப் பற்றி இரவுச் சாப்பாட்டில் நானும் உன் மச்சாளும் கதைத்தோம். எனக்கு ஒரு யோசனை. மதர் அவனோடு சிங்களம், டிலக்ஷி என்று ஒரு பெண் இருப்பதாகச் சொன்னாயே, அவள் நம்முடைய தமிழ், ஸீனத் தன்னுடைய தமிழ், உன் இங்கிலிஷ் வேறு. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பிள்ளை திணறுகிறானோ?

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபிக்காதே. ஆஸ்பத்திரி நேர்ஸ்மார் மாதிரிக் கொஞ்சம் தள்ளி நின்றே பார். ஓகஸ்டில் அனுப்பிவிட்டால் உனக்குத்தான் கஷ்டம். உன்னை எனக்குத் தெரியும்.

அன்புத் தம்பி,
ரொனி

*

கொட்டாஞ்சேனை,
10 மார்ச் 2024

ரொனிக்கு,

சுகம். உன் சுகத்தையும் விசாரிக்கிறேன், விசாரிக்காமல் எழுதினேன் என்று சொல்லக்கூடாது.

"தள்ளி நின்று பார்." இந்தப் பிள்ளைகளை எல்லோரும் தள்ளி நின்று பார்த்ததால்தான் இங்கே இருக்கிறார்கள். கலியாண வீட்டில் கூடத் தள்ளி இருத்தத் தெரிந்த ஆட்களுக்கு இது இலேசாக எழுத வரும்.

உன் மொழி யோசனையும் பிழை. அலோவின் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சிறுமிக்கு அவனை விட வயது குறைவு. அவள் மதரைக் கண்டால் "வத்துர" என்பாள், டிலக்ஷியைக் கண்டால் "தண்ணி" என்பாள். புதிதாக வந்த சிஸ்ரர் ஒருவரைக் கண்டதும் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டையும் சொன்னாள். முகத்துக்கு முகம் பிரித்து வைத்திருக்கிறாள். இதை யாரும் படிப்பிக்கவில்லை. எப்படிச் செய்கிறாள் என்று நான் ஒரு கிழமையாக யோசிக்கிறேன்.

அலோவுக்குப் புத்தி இருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? தலையை நிமிர்த்தி நாடியைத் தூக்கினால் தண்ணீர். காதைத் தேய்த்தால் தூக்கம். என் செருப்பின் மேல் உட்கார்ந்தால் முற்றத்துக்குப் போகவேண்டும். மேலே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தால் கூரையில் சுற்றும் பேனை நிறுத்தவேண்டும், அந்தச் சத்தம் பிடிக்காது. இப்படி எத்தனையோ. எல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். டிலக்ஷிக்கும் ஸீனத்துக்கும் மதருக்கும் கூட இருத்திப் படிப்பித்தேன். இப்போது இந்த இல்லத்தில் அலோ வாய் திறக்க முன்னமே அவனுக்கு வேண்டியது கையில் இருக்கும். பெப்ரவரி நடுவிலிருந்து அவன் ஒரு தடவையும் அழவில்லை.

இது தள்ளி நின்று வருமா?

பிறிஜெற்

*

வெள்ளவத்தை,
5 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உனக்குச் சுகம் தரட்டும். பாஸ்காத் திருநாளுக்குக் கூட எழுதவில்லை. நோய் நொடி ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை வாசித்த கோபம் போக இவ்வளவு காலம் எடுத்தது, அவ்வளவுதான். நானும் அதே வீட்டுப் பிள்ளைதானே.

மேசையைப் பற்றி எழுதவில்லை என்கிறாய். எழுதுகிறேன். அந்த மேசை கடைசி மேசை அல்ல. வாசலுக்குக் கிட்டிய மேசை. குடும்ப மேசை மேடையில், ஐந்து படி ஏறவேண்டும். அன்ரிக்கு முழங்கால் ஏலாது, கழிவறைக்குப் போய்வரவும் கிட்ட இருக்கவேண்டும் என்று ரொஷேல்தான் பார்த்துப் பார்த்துப் போட்டாள். நீ அவளோடும் முகம் கொடுக்காமல் போனதிலிருந்து அவள் உன் பெயரைச் சொன்னால் அழுகிறாள். உன்னிடம் சொல்லாதே என்றாள். சொல்லிவிட்டேன்.

அலோ எப்படி? வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

ரொனி

*

கொட்டாஞ்சேனை,
19 மே 2024

தம்பி ரொனிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மச்சாளும் அப்படியே இருக்கவேண்டும்.

ரொஷேல் நல்லதை நினைத்துத்தான் போட்டிருக்கிறாள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "அன்ரி, எங்க இருக்கப் போறீங்க?" என்று. ஏறியிருப்பேன், அல்லது ஏலாது என்று நானே சொல்லியிருப்பேன். தாங்களாகவே விளங்கிக்கொண்டால் எனக்கு வாய் எதற்கு?

அதை விட்டு, அலோவின் விஷயத்துக்கு வருகிறேன்.

கிளினிக்கிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். நஸ்லா. ரொஷேலின் வயது இருக்கும். அரை மணித்தியாலம் மூலையில் ஒரு சின்னக் கதிரையில் இருந்து ஒன்றும் பேசாமல் பார்த்தாள். அலோ நாடியைத் தூக்கினான், நான் தண்ணீர் கொடுத்தேன். செருப்பில் உட்கார்ந்தான், டிலக்ஷி கதவைத் திறந்தாள். எல்லாம் அழகாக நடந்தது. நஸ்லா பாராட்டுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அன்ரி, இவர் ஒங்களோட பேசிட்டுத்தானே இரிக்கிறார்" என்றாள். "வாயால மட்டும்தான் பேச இல்ல."

"அதத்தானே நானும் சொல்லுறன், பிள்ளை. அவனுக்கு எல்லாம் விளங்கும்."

"அவருக்கு வெளங்குறது இல்ல அன்ரி பிரச்சின. ஒங்களுக்கு வெளங்குறதுதான்."

அவள் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வாயத் தொறக்க முந்தியே எல்லாம் வந்துடுது. பொறகு அவர் எதுக்குப் பேசணும்? கொஞ்ச நாளைக்கி வெளங்காத மாதிரி இரிக்க ஏலுமா?"

"எனக்கு விளங்காத மாதிரி இருக்கத் தெரியாது, பிள்ளை. அறுபத்தெட்டு வருஷமாப் பழகேல்ல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "இது மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண இல்ல, அன்ரி. வேற இரிக்கவும் ஏலும். செஞ்சு பாப்பம்" என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் அவளை வெளியே போகச் சொல்லாமல் விட்டேன்.

ஆனால் யோசித்துப் பார். விளங்கியதை விளங்கவில்லை என்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது பொய். எட்டாம் கட்டளை. நான் பொய் சொல்கிறவள் அல்ல. நீ என்ன நினைக்கிறாய்?

பிறிஜெற்

*

வெள்ளவத்தை,
26 மே 2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். உன் கேள்விக்கு உடனே பதில் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

கலியாணத்தன்று மண்டபத்தில், "அக்கா, கால் நோகுதா?" என்று நான் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும், "எனக்கென்ன நோ, நான் நல்லா இருக்கிறன்" என்றாய். அது எந்தக் கட்டளையில் வரும்?

அந்தப் பிள்ளைக்காக ஒரு தடவை சொல்லிப் பார்.

ரொனி

*

கொட்டாஞ்சேனை,
23 ஜூன் 2024

தம்பி ரொனிக்கு,

உங்கள் எல்லோருக்கும் சுகம் உண்டாகட்டும். எனக்கு முழங்கால் கூடவே நோகிறது. எழுதிவிட்டேன், இனி அதைப் பற்றிக் கேட்காதே.

நேற்று முன்தினம் அலோவுக்கு மூன்று வயது. ஸீனத் வட்டிலப்பம் செய்தாள். அவன் பங்கு முடிந்ததும் என் கிண்ணத்தைப் பார்த்தான். என் கரண்டி தானாக அவன் வாய்க்குப் போனது. இப்படித்தான் ஒரு மாதமாக நடக்கிறது.

முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. ஒரு நாள் கைகளை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அவன் நாடியைத் தூக்கினான். "என்ன?" என்றேன். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். திரும்பவும் தூக்கினான். "என்ன, அலோ?" என்றேன். கிட்ட வந்து ஏப்ரனைப் பிடித்து ஏறி, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்தான். எனக்கு உடம்புக்கு வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்தான் போல. தண்ணீரைக் கொடுத்துவிட்டேன். டிலக்ஷி என்னை விட மோசம், அவன் தலையைத் திருப்ப முன்னம் ஓடுகிறாள். ஸீனத், "அல்லாவே, எனக்கு ஏலாது அக்கா" என்று சமையலறைக்குப் போய்விடுகிறாள். மதரும் அவன் காதைத் தேய்த்தால் தலையணை போடுகிறார். நான் எவ்வளவு நன்றாகப் படிப்பித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கிளினிக் ஓகஸ்ட் பதினாறு. அன்று நான் அறைக்குள் இருக்கக்கூடாது என்று நஸ்லா சொல்லிவிட்டாள். நான் இருந்தால் அவன் என்னைப் பார்ப்பான், பார்த்தால் பேசத் தேவையில்லை. அவனுக்குக் கொஞ்சம் பழகிய, ஆனால் அவனை ஒன்றும் விளங்காத ஒரு ஆள் வேண்டும் என்கிறாள். நான் இரண்டு நாள் யோசித்தேன். முகத்துக்கு நேரே நடப்பதும் விளங்காத மனிதன் யார் என்று பார்த்தால் உன் ஞாபகம்தான் வந்தது. மார்ச்சில் நான் எழுதிய அடையாளங்களை இதற்குள் மறந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

மதரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சனிக்கிழமைகளில் காலை. டிலக்ஷி எப்போதும் அறையில் இருப்பாள், அது இல்லத்தின் சட்டம். நான் மேல்மாடியில் தையல் அறையில் இருப்பேன். நடப்பதைக் கடிதத்தில் எழுது.

நான் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது கேட்கிறேன். வா, ரொனி.

அக்கா

*

வெள்ளவத்தை,
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மேல்மாடியில் நீயும் கீழே நானும் சுகமாக இருந்தோம் என்று டிலக்ஷி இருவருக்கும் சொல்லியிருப்பாள். நான்கு சனிக்கிழமைகளின் விபரத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் நாள் அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். இரண்டாம் நாள் என் சப்பாத்துகளைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டான். மூன்றாம் நாள் என் மடியில் இருந்து மூக்கை ஆராய்ந்தான். சொல் ஒன்றும் இல்லை. உன்னிடம் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று அவன் நடு அறையில் நின்று மேலே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அலுமாரிக்கு மேலே இருக்கும் பந்தாக்கும் என்று எடுத்துக் கொடுத்தேன். கீழே போட்டுவிட்டுத் திரும்ப மேலே பார்த்தான். கரடி பொம்மையைக் கொடுத்தேன். அதையும் எறிந்தான். சுவரில் ஒரு பல்லி இருந்தது. "பல்லியா, மகன்? பல்லி வேணுமா?" என்று கேட்டேன்.

டிலக்ஷிக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், அவனுக்கு..."

"சொல்லாத, பிள்ளை! சொல்லாத!"

அவளைக் கதவுப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை, அக்கா. அவனைத் தூக்கிப் பல்லிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவன் உடம்பு முழுவதையும் விறைத்துக்கொண்டு, முகம் சிவக்க, என் நெஞ்சில் ஒரு அடி போட்டான்.

"இல்ல!"

டிலக்ஷி வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில் திரும்பவும், "பல்லி?" என்றேன். "இல்ல!" "பந்து?" "இல்ல! இல்ல!" தன் குரலைத் தானே கேட்டு நின்று யோசித்தான். பிறகு நான் கேட்காமலே இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

மேலே பார்த்தால் கூரையில் சுற்றும் பேனை நிறுத்தவேண்டும் என்று நீ எழுதியது பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் நேற்றுப் பேசியவன் அந்நியமான ஒரு டொக்டருக்கு முன்னால் பேசுவானா? அது எனக்குத் தெரியவில்லை.

ரொஷேல் உனக்கு அன்பு சொன்னாள்.

ரொனி

*

வெள்ளவத்தை,
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ அன்று வீடு போய்ச் சேர்ந்து ஓய்வெடுத்தாயா?

கிளினிக்குக்குப் போகும்போது த்ரீவீலில், "கொஞ்சம் தள்ளி இரு" என்று என்னிடம் சொன்னாய். அது கதைத்ததாகக் கணக்கா, இல்லையா என்று உன் மச்சாள் கேட்கச் சொன்னாள்.

உள்ளே நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதச் சொல்லித் துண்டுச் சீட்டு அனுப்பியிருந்தாய். எழுதுகிறேன்.

டொக்டர் வயதான மனிதர், அவசரப்படவில்லை. ஒரு படப் புத்தகத்தை விரித்து, "மே மொகக்த, புத்தே?" என்று, இது என்ன மகன் என்று சிங்களத்தில் கேட்டார். பூனையின் படம். அலோ மேசைக்குக் கீழே போய்விட்டான். நஸ்லா தமிழில் கேட்டாள். பதில் இல்லை. விளையாட்டுக் கார் ஒன்றைக் காட்டி மறைத்தார்கள். அவன் அதைத் தேடவும் இல்லை. எனக்குத் தெரிந்த தந்திரம் பல்லி ஒன்றுதான், அந்த அறையில் அதுவும் இல்லை. டொக்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். நஸ்லா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த விடுதிக்குப் பஸ்ஸில் போக எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உனக்குச் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே.

அப்போது அவன் மேசைக்குக் கீழிருந்து வந்தான். நேரே கதவுக்குப் போனான். சுவரில் வைப்பானே, அந்த மாதிரி உள்ளங்கையைக் கதவில் வைத்தான். எங்களோடு உள்ளே வந்திருந்த டிலக்ஷியைப் பார்த்தான். அவள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தான்.

அக்கா, எனக்கு விளங்கியது. இந்த முறை எந்த மடையனுக்கும் விளங்கும். என் கை தானாக எழும்பியது. அதைப் பிடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். நீ ஏப்ரனுக்குள் வைத்தது என்ன வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்ன வேணும், அலோ?"

கதவில் அடித்தான்.

"என்ன, மகன்? எனக்கு விளங்கேல்ல."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். டொக்டரின் பேனை நின்றது.

"தொற" என்றான்.

மெல்லிய குரல்தான். டொக்டர், "மொனவத கிவ்வே?" என்று, என்ன சொன்னான் என்று கேட்டு எழும்பினார். நஸ்லா கையைக் காட்டி அவரை இருத்தினாள்.

"என்ன?" என்றேன்.

"தொற! தொற!"

டொக்டர் எழுதியதைக் குறுக்கே வெட்டியதை நான் கண்ணால் கண்டேன். இல்லத்திலேயே இருக்கட்டும், கிழமைக்கு ஒரு தடவை நஸ்லா பார்க்கட்டும், ஆறு மாதத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொன்னார். இதை நீ மதரிடம் கேட்டிருப்பாய்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது. கதவைத் திறக்க நான் கையை நீட்டினேன். தொட முன்னம் அது வெளியிலிருந்து திறந்தது. அவ்வளவு நேரமும் நீ வெளியே என்ன செய்தாய்? இந்தத் தடவை நான் கேட்கிறேன். எழுது.

அன்புத் தம்பி,
ரொனி

*

கொட்டாஞ்சேனை,
25 ஓகஸ்ட் 2024

தம்பி ரொனிக்கு,

உனக்கும் மச்சாளுக்கும் ரொஷேலுக்கும் அவள் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. நான் இருக்கிறேன். முழங்காலுக்கு ஊசி போடவேண்டும் என்கிறார்கள், யோசிக்கிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்து ரொஷேலை இங்கே வரச் சொல். வா என்று அவளிடம் நானே கேட்கிறேன் என்று சொல்.

த்ரீவீலில் சொன்னது கதைத்ததல்ல. இடம் போதவில்லை.

அலோ இப்போது எல்லாவற்றுக்கும் "இல்ல" சொல்கிறான். குளிக்க இல்ல, சோறு இல்ல, படுக்க இல்ல. அவனைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் சிறுமியும் தொடங்கிவிட்டாள். அறையில் நின்று கதைக்க முடியாது. பார்க்க வருகிறவர்கள் இப்போது, "நல்ல பிள்ளையள்" என்று சொல்வதில்லை. மதர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு செபமாலை சொல்கிறார். ஒரு நாளில் எத்தனை விதமாக "இல்ல" சொல்லலாம் என்று அவன் பழகிப் பார்க்கிறான். கோபத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, உண்மையில் வேண்டும் என்றால் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பிடிபடாமலே இருக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில். வெளியே வாங்கு இருந்தது, நான் இருக்கவில்லை. கதவோடு நின்றேன். மேசைக்குக் கீழே அவன் போனது, டொக்டர் எழுதத் தொடங்கி நீங்கள் எல்லோரும் பேச்சடங்கியது, பிறகு அவன் செருப்புச் சத்தம் கதவுக்கு வந்தது, எல்லாம் கேட்டது. கைப்பிடி என் பக்கமும் ஒன்று இருந்தது, ரொனி. என் கை அதன் மேல் இருந்தது. வந்த நாளிலிருந்து அவன் கேட்காமலே எல்லாம் கொடுத்தவள் நான். முதல் தடவையாக வாயால் ஒன்று கேட்டான். அது எனக்கு முதல் தடவையிலேயே தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் தடவை சொல்லி முடியும்வரை நான் திறக்கவில்லை.

அக்கா,
பிறிஜெற்